அலமாரிக் காமெராவும் ஓடும் காமெராவும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழன்று வந்த கதவுகளும் தூண்களும் எனாமல் பாத்திரங்களும் பெல்ஜியக் கண்ணாடிகளும் கூரை முட்டக் குவிந்து கிடக்கும் பழம்பொருள் கடைகளுள் ஒன்றில், ஒரு பித்தளை விளக்கு வாங்கப் போன இடத்தில், சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்றுக்கும் நெளிந்துபோன கிராமபோன் புனல் ஒன்றுக்கும் நடுவே, நெற்றியில் வானவில் கோடு இழுத்த வெள்ளைப் போலராய்டு காமெரா ஒன்று உட்கார்ந்திருக்கக் கண்டேன். எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "தாராளமாப் பாருங்க சார், ஆனா ஓடாது, ஷோவுக்குத்தான்" என்று கடைக்காரர் பதில் சொன்னார். அவர் மீது எனக்கு யாதொரு குறையும் இல்லை. நல்ல மனிதர், விலையிலும் நியாயம் பார்ப்பவர். ஆனால் "ஷோவுக்குத்தான்" என்ற அந்த ஒரு சொல்லோடு எனக்கு நெடுநாளாக வழக்கு உண்டு. அதைப் பொதுஜன சபையில் வைத்துவிடலாம் என்றே இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் ஓடாது என்று சொன்ன அந்தக் காமெராவின் வயிற்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே பிலிம் பெட்டி இல்லை. விஷயம் அவ்வளவுதான். இந்த ஜாதிக் காமெராவுக்குச் சொந்தமாக பாட்டரி கிடையாது என்பதும், அதை ஓட்டுவதற்கு வேண்டிய ஆறு வோல்ட் மின்சாரம், அப்பளம்போல் தட்டையான ஒரு பாட்டரியாக, பிலிம் பெட்டியின் அடியிலேயே வைத்து விற்கப்பட்டது என்பதும், ஆகவே புதுப் பெட்டி செருகும் ஒவ்வொரு தடவையும் புது ஜீவன் கிடைக்கும்படி அதைப் படைத்தார்கள் என்பதும் தெரியாதவர், பெட்டி இல்லாத காமெராவின் பொத்தானை அமுக்கிவிட்டு அது செத்துவிட்டது என்று தீர்மானிப்பதில் வியப்பில்லை. செத்தது என்று கருதப்பட்டு அலமாரி ஏறிய காமெராக்களுள் பல, உண்மையில் பட்டினி கிடப்பவையே.

எங்கள் வீட்டிலும் ஒன்று அப்படிப் பட்டினி கிடந்தது. 1970களின் பிற்பகுதியில் கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அம்மான், பட்டாலையில் உட்கார்ந்தபடியே கோட்டுப் பையிலிருந்து தோல் போர்த்திய தட்டையான ஒரு பொருளை எடுத்தபோது, அதைச் சுருட்டுப் பெட்டி என்று எண்ணி என் அப்பத்தா முகத்தைச் சுளித்ததும், அவர் அதன் முதுகைப் பற்றி மேலே இழுக்க அது மடிப்பு விரிந்து ஒரு காமெராவாக எழுந்து நின்றதும், நேற்று நடந்ததுபோல் ஞாபகம் இருக்கிறது. 1979இல் என் ஆச்சிக்கு, அதாவது அக்காளுக்கு, கல்யாணம். தாலி கட்டும் திருப்பூட்டு வேளையில் அம்மான் அதை நீட்டிப் பொத்தானை அமுக்கினார்; 'கிர்ர்' என்று ஒரு சத்தம்; வாயிலிருந்து நாக்கு நீட்டுவதுபோல ஒரு சதுர அட்டை வெளியே வந்தது. வெற்று அட்டை. அதைச் சூழ்ந்து நின்ற பெண்டுகள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள், பாசி படிந்த ஊருணியின் அடியிலிருந்து முகம் மேலெழுவதைப்போல, முதலில் கழுத்திருவின் பொன்னும், பிறகு மாலையும், கடைசியாக மணப்பெண்ணின் குனிந்த முகமும் அந்த அட்டையில் துலங்கின. ஸ்டூடியோக்காரர் எடுத்த ஆல்பம் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. ஆனால் சம்பந்தி வீட்டார் அன்று சாயங்காலம் ஊர் திரும்புகையில், கல்யாணப் பெண்ணின் படம் ஒன்றைக் கையிலேயே கொண்டுபோனார்கள்.

பிறகு அந்தப் பிலிம் இங்கே கிடைக்கவில்லை. அம்மான் வரும்போதெல்லாம் இரண்டு பெட்டி கொண்டுவருவார். அவர் வருவது நின்றபின் காமெரா பெட்டகத்துக்குள் போயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே கிடந்தது.

இந்தக் காமெராவின் பூர்வோத்தரத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். எட்வின் லாண்ட் என்ற அமெரிக்கர் 1943இல் சாந்தா ஃபே என்னும் ஊரில் குடும்பத்தோடு உல்லாசமாக இருக்கையில், அவர் எடுத்த படத்தை உடனே பார்க்க முடியாதது ஏன் என்று மூன்று வயது மகள் கேட்டதாகவும், அந்தக் கேள்விக்கு விடை தேடித் தெருவில் நடந்துகொண்டே அவர் உடனடிப் படத்தின் ரசாயன முறையின் பெரும்பகுதியை மனத்துள் வகுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். 1947 பிப்ரவரியில் நியூயார்க்கில் விஞ்ஞானிகள் சபையில் தம்முடைய முகத்தையே படமெடுத்து, ஒரு நிமிஷத்தில் மேல்தாளைத் தோல்போல் உரித்துக் காட்டினார். 1948 நவம்பரில் பாஸ்டன் நகரக் கடை ஒன்றில் முதல் காமெரா 89 டாலர் 75 சென்ட்டுக்கு விற்பனைக்கு வந்தது. வைத்திருந்தவை அனைத்தும் ஒரே நாளில் தீர்ந்துபோயின. ஆயினும் அவருடைய மனோரதம் பூர்த்தியானது 1972இல்தான். அம்மான் கோட்டுப் பையில் வந்த எஸ்எக்ஸ்-70 என்ற காமெரா அந்த ஆண்டு பிறந்தது.

மற்றக் காமெராக்களைப் பழுது பார்த்தவர்களும் இதைத் திறந்ததும் சற்று நேரம் வாயடைத்துப் போவார்கள். லென்ஸ் வழியே வந்த வெளிச்சம் உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, நுண்ணிய வளையங்கள் கீறிய ஒரு தகட்டில் விழுந்து, அங்கிருந்து நம் கண்ணுக்கு வருகிறது. பொத்தானை அமுக்கியவுடன் அந்தத் தகடே கதவுபோல் மேலெழும்பித் தன் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் இன்னொரு கண்ணாடியைக் காட்ட, வெளிச்சம் இப்போது அதில் பட்டுக் கீழே பிலிமில் விழுகிறது. பிறகு மோட்டார் சுழன்று பிலிமை இரண்டு உருக்கு உருளைகளுக்கு நடுவே தள்ளுகிறது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் இருக்கும் அந்த அகன்ற வெள்ளை விளிம்பு, நாம் பெயர் எழுதுவதற்காக விட்ட இடம் அன்று. அதற்குள் காரப் பசை அடைத்த சிறு பொட்டலம் இருக்கிறது. உருளைகளின் நெருக்கத்தில் பொட்டலம் வெடித்து, பசை முடியிழையினும் மெல்லிய படலமாகப் படம் முழுதும் பரவி, மஞ்சளும் செம்மையும் நீலமுமான சாயங்களை அவிழ்த்துவிடுகிறது. ஒரு முழு இருட்டறையை ஒரு அட்டையின் கனத்துக்குள் மடித்து வைத்த சாமர்த்தியம் அது. (படத்தை வாங்கியதும் விசிறிபோல் ஆட்டுகிறார்களே, அது தோலுரிக்கும் பழைய படங்கள் ஈரமாக வந்த காலத்துப் பழக்கம். இந்த வகைப் படத்தில் ஈரம் உள்ளேயே அடைபட்டிருப்பதால் ஆட்டுவதில் பயன் ஒன்றும் இல்லை.)

எங்கள் காமெராவைப் பெட்டகத்திலிருந்து எடுத்தபோது தோல் பொரிந்து, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. லென்ஸில் சிலந்தி வலைபோல் பூஞ்சணம் பரவியிருந்தது. முதலில், எல்லோரும் செய்வதுபோல், பெருநகரம் ஒன்றிலுள்ள பழுது பார்க்கும் கடைக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து, இது சரிப்படாது என்ற ஒரு வரிக் கடிதத்தோடும், ஒரு திருகாணிக் குறைவோடும், உள்கண்ணாடியில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல் ரேகையோடும் அது திரும்பி வந்தது. இதில் கோபித்துப் பயனில்லை. அவர்கள் கற்றது வேறு காமெரா. பிறகு நானே துணிந்தேன். தேவகோட்டையில் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுது பார்த்துக் கைத்தேர்ச்சி பெற்று, இப்போது செல்போன்களுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர், தம் வாழ்நாளில் போலராய்டைக் கண்டதில்லை என்றாலும், "எல்லாம் கம்பியும் மோட்டாரும்தானேப்பா, பயப்படாமத் தொற" என்று சொல்லித் தம் மேஜையின் ஒரு மூலையை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

அந்த மூலையில் மாலைப் பொழுதுகளாக நான்கு மாதம் கழிந்தது. வேலையென்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. காய்ந்த தோலைப் பிளாஸ்டிக் ஸ்கேலின் முனையால் சுரண்டியெடுத்து, அதில் உதிராமல் பிழைத்த துண்டுகளையே அளவாக வைத்து, புத்தகக் கட்டுக்கு வாங்கும் மெல்லிய ஆட்டுத்தோலை வெட்டி ஒட்டியது. உருளைகளில் கல்லாகக் காய்ந்திருந்த பழைய பசையை ஈரத்துணியால் ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தது (இதைச் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் ஒரே கறை, கண்ணேறு பொட்டுப்போல் வந்துகொண்டே இருக்கும்). லென்ஸின் பூஞ்சணத்தைச் சாராயத் துளி தொட்ட பஞ்சால் போக்கியது. உள்கண்ணாடியைத் தொடக் கூடாது. அதன் வெள்ளிப் பூச்சு பின்புறம் இல்லாமல் முன்புறமே இருப்பதால், துணி பட்டால் பூச்சோடு வந்துவிடும். காற்று ஊதும் ரப்பர் பந்து ஒன்றுதான் அதற்கு மருந்து. அந்தக் கட்டைவிரல் ரேகை இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது, படத்தில் தெரிவதில்லை.

இதுவரை நான் சொன்னது புதுப்பித்தல். இதில் எவருக்கும் ஆட்சேபம் இராது. ஆட்சேபம் எழுவது அடுத்த கட்டத்தில். எஸ்எக்ஸ்-70க்கு உரிய பிலிம் கைக்கு அகப்படாமல், அதைவிட நான்கு மடங்கு வெளிச்சக் கூர்மையுள்ள '600' வகைப் பிலிம் மட்டும் அகப்பட்டது. அதை அப்படியே போட்டால் படம் வெளுத்துப்போகும். ஆகவே பிலிம் பெட்டியின் மேல் சாம்பல் நிறத் தகடு ஒன்றை வைத்து வெளிச்சத்தை அடக்கினேன். பெட்டியின் அடியில் அது பழைய காமெராவுக்குள் நுழையாதபடி வைத்திருக்கும் சிறு முளைகளைக் கத்தியால் சீவினேன். படம் வெளியே வரும் வாயில், இக்கலையினர் 'தவளை நாக்கு' என்று அழைக்கும் கறுப்புத் திரை ஒன்றைப் பொருத்தினேன். இந்தக் காலத்துப் பிலிம் வெளிவந்த மாத்திரத்தில் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் சுபாவமுடையது, அந்தத் திரை சுருள் விரிந்து படத்தின் மேல் போர்த்திக்கொள்கிறது. இன்னும் துணிந்தவர்கள் காமெராவின் மின்சுற்றில் ஒரு சிறு பாகத்தை மாற்றி, அது புதுப் பிலிமின் கணக்குக்குத் தானாகவே கண் சிமிட்டும்படி செய்துவிடுகிறார்கள். நான் என் மாற்றங்களைச் செய்துகொண்டிருக்கையில், பழம்பொருள் சேகரிப்பில் பெருமதிப்புக்குரிய நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "1972இல் ஒரு மேதை செய்துவைத்ததில் நீர் கை வைக்கிறீரே, விக்கிரகத்துக்கு மூக்கு செதுக்குவது போலல்லவா இது?" என்று மனம் நொந்தார். அவருடைய வருத்தம் உண்மையானது. அவருக்குச் சரியான பதில் சொல்ல எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

விக்கிரகத்துக்கும் யந்திரத்துக்கும் உள்ள பேதம் என்ன? விக்கிரகம் இருப்பதே அதன் காரியம். யந்திரத்தின் காரியமோ அது செய்வதில் இருக்கிறது; படம் எடுக்காத காமெரா, காமெரா உருவில் அமைந்த பிளாஸ்டிக்கும் கண்ணாடியுமே தவிர வேறன்று. அதிலும் இந்த உடனடிக் காமெராக்களுக்கு மற்றக் காமெராக்களுக்கு இல்லாத ஒரு துர்ப்பாக்கியம் உண்டு. நம் பெரியோர் காலத்து அக்ஃபா கிளிக் காமெராவில் இன்றும் ஒரு 120 பிலிம் சுருளை மாட்டிப் படம் எடுக்கலாம், ஏனெனில் அந்தச் சுருளைப் பல தேசத்தார் பல பெயரில் செய்கிறார்கள். நம் உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஸ்தாபனம் 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்து வந்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போலராய்டு பிலிமோ அதைப் படைத்த ஒரே கம்பெனியின் மூச்சோடு மூச்சாகக் கட்டுண்டு கிடந்தது. முதலில் வந்த சுருள் வகைப் பிலிம் 1992இல் நின்றது. அன்றோடு 1948 முதல் விற்ற அத்தனை சுருள் காமெராக்களும் ஒரே நாளில் அநாதையாயின. தோலுரிக்கும் பிலிமை ஜப்பானியக் கம்பெனியான ஃபியூஜி கடைசி வரை செய்துவந்து 2016இல் கைவிட்டது. கோடாக் கம்பெனியாரின் கதை இன்னும் சோகமானது: 1976இல் தாங்களும் உடனடிக் காமெரா விற்கத் தொடங்கி, லாண்டின் போலராய்டு கம்பெனி தொடுத்த வழக்கில் தோற்று, 1986 ஜனவரியில் கடையை மூடி, பிற்பாடு 92 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடும் கட்டினார்கள். நீதிமன்றத் தீர்ப்பால் ஊமையான காமெரா உலகத்தில் வேறு எது இருக்கிறதோ நான் அறியேன்.

போலராய்டு கம்பெனி 2008இல் தானே கை கழுவியபோது, எஸ்எக்ஸ்-70க்கும் அதே கதி நேர்ந்திருக்க வேண்டும். நேராமல் தடுத்தவர்களைப் பற்றித்தான் என் நண்பருக்குச் சொன்னேன். ஹாலந்து தேசத்து என்ஷெடே நகரில் அந்தக் கம்பெனியின் கடைசிப் பிலிம் தொழிற்சாலை மூடப்படும்போது, வியன்னாக்காரரான ஃபுளோரியன் காப்ஸ் என்ற பிலிம் பித்தர் ஒருவரும், அந்தத் தொழிற்சாலையிலேயே யந்திரங்களைக் கவனித்துவந்த ஆந்திரே போஸ்மான் என்பவரும் சேர்ந்து, பழைய இரும்பாகப் போகவிருந்த யந்திரங்களை விலைக்கு வாங்கி, முன்னாள் தொழிலாளர்கள் சிலரை அழைத்துக்கொண்டு, தங்கள் முயற்சிக்கு 'அசாத்தியம்' என்று பொருள்படும் பெயரையே சூட்டித் தொடங்கினார்கள். யந்திரம் இருந்தது, மூலப்பொருள் இல்லை. பழைய ரசாயனங்கள் பல உலகச் சந்தையிலேயே இல்லாமற் போய்விட்டன. ஆகவே பழைய பிலிமை அவர்களால் செய்ய இயலவில்லை. பழைய காமெராவில் பொருந்தும் புதிய பிலிம் ஒன்றைக் கண்டுபிடிக்க நேர்ந்தது. 2010இல் அது வெளிவந்தபோது நிறம் மங்கி, புள்ளி விழுந்து, சற்று வெளிச்சம் பட்டாலும் கெட்டுப்போகிற நோஞ்சான் பிள்ளையாக இருந்தது. இருந்தாலும் வாங்கினார்கள், வாங்கியவர்கள் தங்கள் காமெராக்களை அந்த நோஞ்சான் பிள்ளைக்கு இசைய மாற்றினார்கள். தவளை நாக்கு அந்த நாளில் பிறந்த சாதனமே. மாற்றிக்கொண்டவர்கள் இருந்ததால் பிலிம் விற்றது, விற்றதால் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டது. 2017இல் அந்தக் கூட்டமே போலராய்டு என்ற பழைய பெயரையும் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. மூல வடிவத்தில் அணுவளவும் மாற்றமாட்டோம் என்று எல்லோரும் விரதம் பூண்டிருந்தால், இன்றைக்கு எங்கள் வீட்டுக் காமெராவுக்குப் போட ஒரு பிலிம் பெட்டியும் இருந்திராது.

நண்பர் சிறிது யோசித்துவிட்டு, "அது அயல்நாட்டுச் சங்கதி" என்றார். அவரைக் கானாடுகாத்தானுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டேன். நம் பக்கத்து வீடுகளைப் பற்றி நினைக்குந்தோறும் எனக்கு இதே நியாயம்தான் தோன்றுகிறது. முகப்பும் பட்டாலையும் வளவும் இரண்டாம் கட்டுமாக ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டில், பங்காளிகள் இருபது பேரும் உலகத்தின் இருபது மூலைகளில் இருக்க, ஆண்டுக்கொருமுறை முன்னோர் படைப்புக்குத் திறந்து மறுபடி பூட்டினால், அந்த வீடு சம்பிரதாயம் கெடாமல் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்; ஆனால் ஓட்டில் ஒரு விரிசல் விழுந்தாலும் பார்க்க ஆளில்லாமல் பர்மாத் தேக்கில் நீர் இறங்கி, ஒரு நாள் அது முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத் துண்டு துண்டாக வந்து சேரும். கானாடுகாத்தானில் விசாலம் போலவும், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் போலவும், அறைக்கு ஒரு குளியலறை சேர்த்துக்கொண்டு விருந்தினர் விடுதிகளான வீடுகளில் தூணும் நிற்கிறது, ஓடும் ஒழுகவில்லை. பாட்டன் கட்டியபடி இல்லை என்பது மெய். பாட்டன் கட்டியது நிற்கிறது என்பதும் மெய். எது வேண்டும் என்பதே கேள்வி.

ஆயினும் மாற்றுகிறேன் என்று கிளம்புபவர்கள் எல்லோருக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. தேக்குக் கதவைப் பெயர்த்துவிட்டு அலுமினியக் கதவு வைப்பவனும் 'மாடர்ன்' பண்ணினேன் என்றுதான் சொல்கிறான். பழைய 110ஏ, 110பி என்ற சுருள் காமெராக்களில் ஜெர்மானிய ரோடன்ஸ்டாக் லென்ஸ் ஒன்று இருக்கிறது, மிக நேர்த்தியான கண்ணாடி. அதன் மேல் உள்ள ஆசையால் காமெராவின் முதுகை ரம்பத்தால் அறுத்து வேறு பிலிமுக்கு மாற்றுகிறார்கள். பிலிமே இல்லாத காமெராவுக்கு அது ஒரு மறுபிறவி என்பதை ஒப்புக்கொள்கிறேன்; என்றாலும் அறுத்தது ஒட்டாது. என் அபிப்பிராயத்தில், கழற்றி மறுபடி பழையபடியே மாட்டக்கூடிய மாற்றம் எதையும் கூச்சமின்றிச் செய்யலாம். வெட்டினால்தான் ஆகும் என்றால், ஊரில் நூறு கிடக்கும் மலிவு மாதிரியில் கை வைக்கலாம், அரியதில் கூடாது. கழற்றிய பாகம் எவ்வளவு அற்பமாயினும் ஒரு காகித உறையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, காமெராவோடேயே வைக்க வேண்டும். எங்கள் காமெராவின் உதிர்ந்த தோல்கூட அப்படி ஒரு உறையில் இருக்கிறது.

செலவைப் பற்றிக் கேட்பார்கள். எட்டுப் படம் கொண்ட ஒரு பெட்டியின் விலையைப் பார்த்தால், படம் ஒன்றுக்கு இருநூறு ரூபாய்க்குக் குறையாது. தேவகோட்டையில் இரண்டு பேர் வயிறாரப் பலகாரம் சாப்பிடும் தொகை. செல்போனில் ஆயிரம் படம் சும்மா எடுக்கலாமே என்பதற்கு, எடுக்கலாம், எடுக்கிறோம், அந்த ஆயிரத்தில் ஒன்றையும் மறுபடி பார்ப்பதில்லை என்பதற்கு மேல் நான் வாதாட விரும்பவில்லை. வெயிலைப் பற்றிக் கேட்டால் மட்டும் தலை குனிந்துகொள்வேன். இந்தப் பிலிம் 13 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்குள் சுகமாக இருக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள்; நம் சித்திரை மாதத்தைக் கண்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். பிலிமைப் பிரிஜ்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்து, காலை எட்டு மணிக்கு முன் எடுத்து, எடுத்த படத்தை வளவின் குளிர்ந்த ஆத்தங்குடித் தரைமேல் கவிழ்த்துப் போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தும், எங்கள் படங்களில் ஒரு மஞ்சள் சாயல் ஏறிவிடுகிறது.

முதல் படத்துக்கு ஆச்சியைத்தான் முகப்புத் திண்ணையில் உட்கார வைத்தேன், 1979இல் மணப்பெண்ணாக இருந்த அதே ஆச்சி. "அம்மான் காமெராவா தம்பி? இன்னும் உசுரோட இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். படம் தெளிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பின்னால் தூணில் ஒரு பல்லி விழுந்திருப்பதைக் காட்டினார். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

காமெராவை அலங்காரப் பொருளாக அன்றிக் கருவியாகப் பிடித்த கைகள் இந்த வட்டாரத்துக்குப் புதியவையல்ல. கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ. கே. செட்டியார், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போட்டோக் கலை பயின்று, 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் கொண்டு, உலகமெங்கும் பற்பல காமெராக்காரர்கள் எடுத்து மூலைக்கு மூலை சிதறிக் கிடந்த பிலிம் துண்டுகளை ஐம்பதினாயிரம் அடி அளவுக்குத் திரட்டி, 1940இல் அந்தப் படத்தை வெளியிட்டார். பிற்பாடு அந்தப் படமே காணாமற்போய், ஆங்கிலப் பிரதி ஒன்றை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அமெரிக்காவில் கண்டெடுக்க நேர்ந்தது. நம் தேவகோட்டை ரஸ்தாவில் ஏ. வி. மெய்யப்ப செட்டியார் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்திய நாட்களையும், 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே உருவானதையும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கிடைத்த கொட்டகையில், கிடைத்த கருவியைத் தேவைக்கு வளைத்து வேலை வாங்கிய கூட்டம் அது. அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் காமெராவை மலர்ச்சாடிக்குப் பக்கத்தில் வைத்து அழகு பார்ப்பது எனக்குச் சற்று வெட்கமாக இருக்கிறது.

காட்சியகங்கள் வேண்டாம் என்பதன்று. குருகிராமத்தில் ஆதித்ய ஆர்யா 2019இல் திறந்த காமெராக் காட்சியகமும், நம் கோவளத்தில் அமைந்த பழங்காமெராக் காட்சியகமும் மிக நல்ல காரியங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்று கைபடாமல் அங்கே இருக்கட்டும். மிச்சமெல்லாம் வேலை செய்யட்டும். இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. ஈயம் வைக்கத் தெரிந்த ரேடியோக்காரர், கண்ணில் லென்ஸ் மாட்டித் துரும்பளவு திருகாணியைக் கழற்றத் தெரிந்த கடிகாரக்காரர், தகட்டை மயிரிழை பிசகாமல் வெட்டத் தெரிந்த ஆசாரி, தோல் தைக்கத் தெரிந்தவர் என்று இந்தக் கலைக்கு வேண்டிய நான்கு கைகளும் இன்னும் நம் சிற்றூர்களின் கடைத்தெருவில், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில், பெரும்பாலும் வேலை குறைந்து உட்கார்ந்திருக்கின்றன. பெருநகரத்தில் இவர்களைத் தேடுவதற்கே ஒரு மாதம் ஆகும். வட்டாரத்துத் தொழிற்பயிற்சிப் பள்ளிகள் மாணவர்களுக்கு ஒரு பழைய காமெராவைக் கொடுத்துப் பிரித்துக் கோக்கச் சொன்னால், ஒளியியல், மின்னியல், ரசாயனம் மூன்றையும் ஒரே மேஜையில் கற்றுவிடுவார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

மலேயாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பெரியவர்கள் கொண்டுவந்த காமெரா எதுவும் உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தால், அதை விற்பதோ வைத்திருப்பதோ உங்கள் இஷ்டம். ஆனால் இன்று சாயங்காலமே ஒரு முறை வெளியே எடுத்து, தோல் உறையிலிருந்து பிரித்து வையுங்கள். பூஞ்சணத்துக்கு அந்த உறைதான் தாய்வீடு. எஸ்எக்ஸ்-70க்கு முந்திய, தோலுரிக்கும் பிலிம் போடும் மடிப்பு வகைப் பழைய போலராய்டாக இருந்தால் பின்பக்கத்துச் சிறு கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே பாட்டரி பொங்கிப் பச்சை பூத்திருந்தால், அதை எடுத்து எறிந்துவிட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிடுங்கள். அந்தப் பாட்டரி இப்போது கடையில் எளிதில் கிடைக்காது. ரேடியோக் கடையில் கொடுத்தால், டார்ச் லைட்டுக்குப் போடும் சாதாரண பாட்டரி பிடிக்கும்படி அரை மணி நேரத்தில் கம்பி மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.